எக்மோவை எப்போது கேட்க வேண்டும்? வாசகர் கேள்வி – பதில்

கடுமையான வைரஸ் நிமோனியாவுக்குப் பயன்படும் 'எக்மோ' என்ற செயற்கை இதய – நுரையீரல் உதவி பற்றி வந்த கேள்விகளுக்கு, தீவிர சிகிச்சை மருத்துவர்களும் எக்மோ கருவியை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்களும் சேர்ந்து பதில் அளிக்கிறார்கள்.

இன்ஃப்ளூயன்சாவால் என் அண்ணனின் இரண்டு நுரையீரலும் கெட்டு, வென்டிலேட்டரும் போதாமல் எக்மோ வைத்தார்கள். இப்போது வார்டுக்கு வந்துவிட்டார். அந்த மெஷின்தான் கிருமியைக் கொன்றதா?
– வாசகி, தேனி

இல்லை. எக்மோ வைரஸைத் தொடுவதே இல்லை. கிருமியை விரட்டியது உங்கள் அண்ணனின் உடம்பும், கூடவே கொடுத்த மருந்துகளும். நுரையீரல் ஆறி வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தது எக்மோ.

தொடைப் பக்கத்துப் பெரிய சிரையில் ஒரு குழாயை ஏற்றுவார்கள். இதன் பெயர் கேனுலா. பெரியவர்களுக்கு 23 முதல் 29 ஃப்ரெஞ்ச் வரை தேவைப்படும். 3 ஃப்ரெஞ்ச் என்பது 1 மில்லிமீட்டர். ஆக, ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. தடிமன். அதன் வழியாகக் கறுத்த ரத்தத்தை பம்ப் இழுத்து ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளும். ஆக்சிஜனேட்டருக்குள் பாலிமெத்தில்பென்டீன் என்ற பொருளால் ஆன நுண்ணிய குழல்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றின் பரப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 சதுர மீட்டர். குழலுக்கு உள்ளே ஆக்சிஜன், வெளியே ரத்தம். அங்கே சிவந்த ரத்தம், உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கப்பட்டு, பெரும்பாலும் கழுத்தின் வலப்பக்கச் சிரை வழியாக உடலுக்குத் திரும்பும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 60 மில்லி என்பது தொடக்கக் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 4 லிட்டருக்கும் சற்று மேல் ஓட வேண்டும்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் ஆக்சிஜன் கூடும். 'ஸ்வீப்' எனப்படும் வாயு ஓட்டத்தைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும். ஸ்வீப்பை முதல் நாளே தாராளமாகத் திறந்துவிடக் கூடாது. உயர்ந்திருந்த கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாகச் சரிந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மூளையில் பாதிப்புக்கும் ரத்தக் கசிவுக்கும் இதோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதனால் நிமிடத்துக்கு 2 லிட்டர் போலத் தொடங்கி, ரத்த வாயுப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவதே முறை.

எக்மோ செய்யும் இன்னொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. புண்ணான நுரையீரலை வென்டிலேட்டர் அதிக அழுத்தத்தில் ஊதிக்கொண்டே இருந்தால் அதுவே மேலும் கிழிக்கும். எக்மோ ஓடத் தொடங்கியதும் வென்டிலேட்டரைத் தணித்துவிடலாம்: நிமிடத்துக்கு 10 மூச்சு, அழுத்தம் 25 செ.மீ. நீர் அளவுக்குள், ஆக்சிஜன் 30 – 40 சதவீதம். இந்த ஓய்வுதான் உங்கள் அண்ணனின் நுரையீரலுக்குக் கிடைத்தது.

2016இல் முதல்வர் ஜெயலலிதாவுக்கு எக்மோ என்றார்கள். 2020இல் எஸ்.பி.பி.க்கும் எக்மோ என்றார்கள். இருவரையுமே காப்பாற்ற முடியவில்லை. அப்படியானால் எக்மோ வைத்தாலே முடிந்தது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், சென்னை

தமிழ்நாட்டில் இந்தக் கருவியின் பெயர் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது அந்த இரண்டு மரணங்களால்தான். உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் இரண்டு நிலைமைகளும் வேறு வேறு. ஜெயலலிதாவுக்கு 2016 டிசம்பர் 4 அன்று இதயத் துடிப்பு நின்றதை அடுத்துப் பொருத்தப்பட்டது. அது இதயத்துக்கான உதவி. அப்போது ரத்தம் சிரையிலிருந்து எடுக்கப்பட்டு, பம்பின் அழுத்தத்தோடு தமனியில் திருப்பி விடப்படும். எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குக் கோவிட் நுரையீரலைத் தாக்கியதால் தேவைப்பட்டது. நுரையீரல் மட்டும் பழுதாகி இதயம் நன்றாக இருந்தால், ரத்தத்தைச் சிரையில் எடுத்துச் சிரையிலேயே விட்டால் போதும். சுற்றி அனுப்பும் வேலையை நோயாளியின் இதயமே பார்த்துக்கொள்ளும்.

பிழைத்தவர்களின் கணக்கையும் பாருங்கள். இங்கிலாந்தில் 'சீசர்' என்ற ஆய்வில் 180 பேர். எக்மோ வசதியுள்ள லெஸ்டர் நகர கிளென்ஃபீல்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 47 சதவீதம். முடிவு வெளியான 2009இல்தான் பன்றிக் காய்ச்சல் பரவியது. அப்போது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எக்மோ வைக்கப்பட்ட 68 பேரில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஐ.சி.யு.வைத் தாண்டி வெளியே வந்தார்கள். கோவிட் தொடக்க மாதங்களில் 'எல்சோ' என்ற சர்வதேச அமைப்பின் பதிவேட்டில் இருந்த 1,035 பேரில் 90 நாள் இறப்பு 37 சதவீதம்தான். பிந்தைய மாதங்களில் அது பாதியைத் தாண்டியது. எக்மோ தேவைப்படும் அளவுக்கு மோசமானவர்கள் இவர்கள் எல்லோரும் என்பதை மனத்தில் வைத்து இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

வென்டிலேட்டரில் இருக்கும் எல்லோருக்கும் ஏன் எக்மோ வைப்பதில்லை? எந்தக் கட்டத்தில் நாங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்?
– வாசகர், கோவில்பட்டி

மிக முக்கியமான கேள்வி. பெரும்பாலான குடும்பங்கள் இதைக் காலம் கடந்துதான் கேட்கின்றன.

ரத்த வாயு அறிக்கையில் ஆக்சிஜன் அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும். அதை, வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுக்க வேண்டும். 80 சதவீத ஆக்சிஜனில் அழுத்தம் 56 என்றால், 56ஐ 0.8ஆல் வகுக்க 70 வரும். இதுதான் பி/எஃப் விகிதம். ஆரோக்கியமானவருக்கு 400க்கு மேல் இருக்கும். 2018இல் வெளிவந்த 'இயோலியா' ஆய்வு வைத்துக்கொண்ட அளவுகோலை இன்றும் பல மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன: விகிதம் 50க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது 80க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல், அல்லது கார்பன் டை ஆக்சைடு 60ஐ எட்டி, ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். 7.25க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல். இதில் எது வந்தாலும் பேச்சு தொடங்கியாக வேண்டும். அந்த ஆய்வில் 60 நாள் இறப்பு எக்மோ பிரிவில் 35 சதவீதம், மற்றதில் 46. புள்ளியியல் கண்டிப்பின்படி அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆனால் எக்மோ இல்லாத பிரிவில் 28 சதவீதம் பேரை நிலைமை முற்றி எக்மோவுக்கு மாற்ற நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்ப்பதற்கு முன், செய்திருக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. ஒவ்வொரு மூச்சின் அளவும் கிலோவுக்கு 6 மில்லி இருக்க வேண்டும். இந்தக் கிலோ நோயாளியின் இன்றைய எடை அல்ல. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. 95 கிலோ உள்ள குட்டையான மனிதருக்கு 95ஐ 6ஆல் பெருக்கி ஊதினால் நுரையீரல் கெடும். அடுத்தது, குப்புறப் படுக்க வைப்பது. ஒரு தடவைக்கு குறைந்தது 16 மணி நேரம். 2013இல் பிரான்சில் நடந்த ஆய்வில் இது ஒன்றே 28 நாள் இறப்பை 33 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது. நான்கைந்து பேர் சேர்ந்து கவனமாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். தனி மெஷின் தேவையில்லை. குப்புறப் படுக்க வைக்காமலே எக்மோவுக்கு அனுப்புவதை எங்களால் ஏற்க முடியவில்லை. எனவே முதல் கேள்வி, "குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தீர்களா, எத்தனை மணி நேரம்?" என்பதாக இருக்கட்டும்.

வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் 7 நாள் கடந்துவிட்டால் எக்மோவின் பலன் வெகுவாகக் குறையும். அதற்குள் நுரையீரல் நார் போலத் தடித்திருக்கலாம், மற்ற உறுப்புகளும் சோர்ந்திருக்கும். ஆகவே வென்டிலேட்டர் வைத்த இரண்டாம் நாளே, முன்னேற்றம் இல்லை என்றால், எக்மோ உள்ள மருத்துவமனையோடு உங்கள் டாக்டர் தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும். பேசுவதால் உடனே வைத்துவிட மாட்டார்கள். தேவைப்பட்டால் ஆள் தயாராக இருக்கும்.

எக்மோ வைத்த பிறகும் மானிட்டரில் ஆக்சிஜன் 86, 87 என்றே காட்டுகிறது. நர்ஸ் 'பரவாயில்லை' என்கிறார். எப்படிப் பரவாயில்லை?
– வாசகி, திருச்சி

நர்ஸ் சொன்னது சரி. இதயம் நிமிடத்துக்கு 8 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது, பம்ப் 5 லிட்டரைத்தான் எடுக்கிறது என்று வையுங்கள். அந்த 5 லிட்டர் 100 சதவீத ஆக்சிஜனோடு திரும்பும். மீதி 3 லிட்டர், வேலை செய்யாத நுரையீரல் வழியாக 65 சதவீதத்தோடு அப்படியே வரும். இரண்டும் கலந்தால் 87. நுரையீரல் முழுக்க நின்றிருக்கும்போது 85 வந்தாலே, ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்து சிறுநீர் ஒழுங்காகப் பிரிந்து, ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் ஏறாமல் இருந்தால், உடம்புக்குத் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேருகிறது என்றே பொருள்.

இதே நோயாளிக்குக் காய்ச்சல் 39 டிகிரிக்கு ஏறி இதயம் 10 லிட்டர் அனுப்ப ஆரம்பித்தால்? பம்ப் அதே 5தான். கணக்கு 82, 83க்கு இறங்கும். மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது. சூட்டைத் தணித்து, நடுக்கத்தைக் குறைத்து, தூக்க மருந்தைச் சரிசெய்தால் எண் தானாக ஏறும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் யூனிட்டில் புதிதாக எக்மோ வந்திருக்கிறது. குழாய் திடீரென்று உதறுகிறது, ஓட்டம் 4.2லிருந்து 2.8க்கு விழுகிறது. பம்ப் வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது. என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, மதுரை

வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வது போல, சிரையில் ரத்தம் போதாதபோது அதன் சுவர் கேனுலாவின் துளைகளில் ஒட்டி ஒட்டி விடுபடுகிறது. குழாய் உதறுவது அதனால்தான். இழுவைப் பக்க அழுத்தம் மைனஸ் 100ஐத் தாண்டி இறங்கினால் சிவப்பணுக்களும் உடைபடத் தொடங்கும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் குறைத்தால் பெரும்பாலும் ஓட்டம் சீராகும். பிறகு காரணம் தேடுங்கள்: குழாய் எங்கேனும் மடங்கியிருக்கிறதா, தொடையை மடக்கியிருக்கிறாரா, இருமுகிறாரா, எங்காவது ரத்தம் போகிறதா, சிறுநீர் மருந்தால் நீர் அதிகம் இறங்கிவிட்டதா, நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்ந்திருக்கிறதா. உதறியவுடன் யோசிக்காமல் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவது பொதுவாக நடக்கும் தவறு. அந்த நீர் நுரையீரலிலும் போய்த் தேங்கும்.

ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் இரண்டு குழாய்களின் நிறத்தைப் பாருங்கள். போகும் குழாய் கறுப்பு, வரும் குழாய் பளிச்சென்ற சிவப்பு. இரண்டுமே கறுத்திருந்தால் முதலில் ஆக்சிஜன் குழாயைக் கையால் தடவிக்கொண்டே சுவர் வரை போங்கள். கழன்றிருக்கும், அல்லது ஸ்வீப் மூடியிருக்கும். அது சரியாக இருந்தால்தான் ஆக்சிஜனேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுமே சிவந்திருந்து நோயாளியின் அளவு மட்டும் குறைவாக இருந்தால், திரும்பி வந்த ரத்தத்தையே பம்ப் மீண்டும் உறிஞ்சுகிறது. கேனுலா நுனிகள் நெருங்கிவிட்டன. எக்ஸ்-ரேயிலோ எக்கோவிலோ பார்த்து மருத்துவர் தள்ளி வைக்க வேண்டும். இங்கும் வேகத்தைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

ஆக்சிஜனேட்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகளைக் குறித்து வையுங்கள். ரத்தம் வெளியேறும் பக்கத்தில் உள்ள கட்டிதான் நோயாளிக்குள் போகும் ஆபத்து உள்ளது. முன் – பின் அழுத்த வித்தியாசம் அதே ஓட்டத்தில் நாளுக்கு நாள் ஏறினாலும், ரத்தக் கட்டியைக் காட்டும் டி-டைமர் அளவு திடீரென்று எகிறினாலும், மாற்று ஆக்சிஜனேட்டரைத் தயார் செய்யச் சொல்லுங்கள். குழல்களில் நீராவி படிந்து திறன் குறையும். சில விநாடிகள் வாயுவை 10 லிட்டருக்கு ஏற்றினால் தண்ணீர் வெளியே தெறிக்கும். அதன்பின் பழைய அளவுக்கு மறக்காமல் திருப்ப வேண்டும்.

குழாயில் காற்றுக் குமிழி கண்டால்: நோயாளிக்குப் போகும் குழாயை கிளாம்ப் போடுங்கள், பம்பை நிறுத்துங்கள், வென்டிலேட்டரை முழு அளவுக்கு ஏற்றுங்கள், தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். மெஷினிலேயே நான்கு கிளாம்ப்கள் எப்போதும் தொங்கட்டும். கைப்பிடி கிராங்க் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மின்சாரமும் பேட்டரியும் போனால் கையால் சுற்றித்தான் ஓட்ட வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். மூக்கிலும் ஈறிலும் கசிகிறது. நிறுத்தினால் மெஷினில் உறைந்துவிடாதா?
– வாசகர், ஈரோடு

கத்தி மேல் நடப்பதுதான். குழாய் போடும்போது கிலோவுக்கு 50 – 100 யூனிட், பிறகு கிலோவுக்கு மணிக்கு 10 – 20 யூனிட் என்ற அளவில் ஓடும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஏ.பி.டி.டி. பரிசோதனை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குக்குள் இருக்கும்படி திருத்துவார்கள். ஆனால் கசிவுக்கு ஹெப்பாரின் மட்டும் காரணமில்லை. பம்பின் வேகத்தில் வான் வில்லிபிராண்ட் என்ற உறைதல் புரதம் சிதைகிறது, தட்டணுக்களும் குறைகின்றன. நுரையீரலுக்கு மட்டுமான எக்மோவில், ஓட்டம் நன்றாக இருந்தால், ஹெப்பாரினைச் சில நாள் நிறுத்திவைத்தும் ஓட்டலாம். தசையில் ஊசி, மூக்கில் புதுக் குழாய், அழுத்தமான சக்‌ஷன் இவற்றைத் தவிர்ப்பது பாதிக் கசிவைத் தடுக்கும்.

கர்ப்பிணிக்கு எக்மோ வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வைக்கலாம். 2009இல் ஆஸ்திரேலியாவில் எக்மோ வைக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு இருமல் என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் 48 மணி நேரத்துக்குள் ஓசெல்டாமிவிர் என்ற இன்ஃப்ளூயன்சா மருந்தை 75 மி.கி. தினம் இரு வேளை தொடங்க டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலோருக்கு வென்டிலேட்டர் வரை போகாது.

என் மகன் அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் இருக்கிறான். அங்கே எலியால் பரவும் ஹான்டா வைரஸுக்கு எக்மோதான் சிகிச்சை என்கிறான். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பெரும்பகுதி உண்மை. 1993இல் அந்தப் பகுதியில்தான் இது கண்டறியப்பட்டது. மான் எலி என்ற காட்டெலியின் சிறுநீர், எச்சம் காய்ந்த தூசியை மூச்சில் இழுப்பதால் வருகிறது. முதலில் வெறும் காய்ச்சல், உடல்வலி. பிறகு சில மணி நேரங்களில் நுரையீரல் நீரால் நிரம்பும், அதோடு இதயமும் தளரும். இங்கே சிரை – சிரை எக்மோ போதாது. தமனியில் திருப்பி விடும் வகையே தேவை. அல்புகெர்க்கியில் உள்ள நியூ மெக்சிகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994 முதல் 2010 வரை இப்படிச் சிகிச்சை பெற்ற 51 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்தார்கள். மோசமாகப் போகிறார் என்று தோன்றிய உடனே தொடையில் மெல்லிய குழாய்களை முன்கூட்டியே போட்டு வைத்து, இதயம் சரிந்தால் நிமிடங்களில் எக்மோவுக்கு மாற்றுவது அவர்கள் கண்ட வழி.

தமனி வகையில் இரண்டு ஆபத்துகள் தனி. தொடைத் தமனியைக் கேனுலா அடைத்துக் கால் குளிர்ந்து கறுக்கும். அதைத் தடுக்க 6 – 8 ஃப்ரெஞ்ச் சிறு குழாய் ஒன்றைக் காலை நோக்கிப் போட வேண்டும். இன்னொன்று, இதயம் தேறி நுரையீரல் தேறாதபோது, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் கால்களுக்கு நல்ல ரத்தமும் போகும். இடக்கையிலோ காலிலோ அளந்தால் இது தெரியாது. வலக்கையில்தான் அளக்க வேண்டும். மகனிடம் சொல்லுங்கள்: மூடிக் கிடந்த கொட்டகையைத் துடைப்பத்தால் பெருக்காமல், கதவைத் திறந்து காற்றாட விட்டு, ப்ளீச் கரைசல் தெளித்து நனைத்துத் துடைக்கட்டும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு எக்மோவுக்காகக் கொண்டுபோவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், விருதுநகர்

முடிந்தால் நோயாளியை அனுப்பாதீர்கள். எக்மோ குழுவை வரவழையுங்கள். அவர்கள் இங்கேயே பொருத்தி, ஓட்டம் நிலைத்த பிறகு ஏற்றிச் செல்வது பாதுகாப்பு. வழியில் கெடுவது பெரும்பாலும் ஆக்சிஜன் கணக்குதான். பெரிய டி-டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். வென்டிலேட்டருக்கு நிமிடத்துக்கு 10, ஸ்வீப்புக்கு 5, ஆக 15 லிட்டர் என்றால் ஏழே முக்கால் மணி நேரம். மதுரையிலிருந்து சென்னைக்கே எட்டு மணி நேரம் ஆகலாம். ஆகவே இரண்டு பெரிய சிலிண்டர் வேண்டும். 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய பி-டைப் 100 நிமிடத்தில் தீரும். அது வண்டியில் ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மட்டுமே. ஸ்பேனர், ரெகுலேட்டர் இரண்டிரண்டு இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு. வீட்டை அடமானம் வைத்தாவது எக்மோ வைக்கலாமா?
– வாசகர், சேலம்

வைக்க வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் உங்களுக்கு நல்லதையே சொல்கிறார். 65 வயதுக்கு மேல் பிழைக்கும் வாய்ப்பு சரிகிறது; சிறுநீரகமும் கெட்டிருந்தால் இன்னும். நுரையீரல் திரும்பாது, மாற்று நுரையீரலும் பொருத்த முடியாது என்றால் எக்மோவிலிருந்து வெளியேற வழியே இல்லை. செலவு லட்சங்களில் ஏறும். ஆக்சிஜனேட்டரை ஒன்று முதல் மூன்று வாரங்களில் மாற்ற நேர்ந்தால் அது தனி. வயது குறைந்தவருக்குச் சம்மதிக்கும்போதும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள் (20க்குக் குறையாமல் இருந்தால் நல்லது), இரவிலும் பெர்ஃப்யூஷனிஸ்ட் இருப்பாரா, எந்த நிலையில் நிறுத்துவோம் என்று இப்போதே சொல்வீர்களா, மதிப்பீட்டில் இரண்டாவது ஆக்சிஜனேட்டர் அடங்குமா.

எப்போது, எப்படி எடுப்பார்கள்? எடுத்த பிறகு?
– வாசகி, புதுச்சேரி

எக்ஸ்-ரே தெளிய ஆரம்பித்து, வென்டிலேட்டர் அழுத்தம் குறைவாக இருந்தும் மூச்சளவு தானாகக் கூடினால் நுரையீரல் இளகுகிறது என்று பொருள். ரத்த ஓட்டத்தைக் குறைக்காமல் ஸ்வீப் வாயுவை மட்டும் நிறுத்திப் பல மணி நேரம் பார்ப்பார்கள். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் நிலையாக இருந்து, நோயாளி மூச்சுக்குத் திணறாமல் இருந்தால் குழாய்களை எடுக்கலாம். முதல் முயற்சியில் தோற்றால் ஸ்வீப்பைத் திறந்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம்.

குழாய் இருந்த சிரையில் ரத்தக் கட்டி தங்குவது சாதாரணம். எடுத்த ஓரிரு நாளில் டாப்ளர் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தொடை, தோள் தசைகள் கரைந்திருக்கும். கட்டிலில் உட்கார வைப்பது, நிற்க வைப்பது எல்லாம் ஐ.சி.யு.விலேயே தொடங்க வேண்டும். கெட்ட கனவு, பதற்றம், எரிச்சல் வீட்டுக்கு வந்த பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கலாம்; அதற்கும் மருத்துவம் உண்டு. மூன்றாம் மாதம் நுரையீரல் செயல்திறன் சோதனையும் ஆறு நிமிட நடைச் சோதனையும் எடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.